உங்களுக்குத் தெரியுமா? தன் முதுகு தனக்குத் தெரியாது!

பெரிய நிறுவனங்களின் மேலாளர்கள் ஐ.ஐ.எம். போன்ற இடங்களுக்குச் சில நாள் பயிற்சிக்குப் போவார்கள். கணக்கும் சந்தையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே, பல இடங்களில் ஒரு வினாத்தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதில் இருப்பதெல்லாம் ஒரே கேள்வியின் பல வடிவங்கள்: ‘நீங்கள் எப்படிப்பட்டவர்?’ இந்தக் கேள்விக்கும் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பூமிக்கும் நெருங்கிய உறவு உண்டு.

திருச்சுழிப் பிள்ளை
சுந்தரர் தேவாரம் பாடிய தலம் திருச்சுழி. அங்கே வக்கீல் தொழில் செய்த சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். அவர் பிறந்த வீடு ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

பதினாறு வயதில் ஒரு சோதனை
1896 ஜூலை. மதுரையில் சித்தப்பா வீட்டில் தனியாக இருந்த வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போலக் கை கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, ‘உடம்பு செத்தால் நான் சாவேனா? அப்படியானால் நான் என்பது எது?’ என்று தன்னையே ஆராய்ந்தார். சில வாரங்களில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார்.

கேள்வி கேட்டவர் ஓர் அதிகாரி
ரமணரின் ‘நான் யார்?’ என்ற சிறு நூல் உருவானது ஓர் அரசு ஊழியரால். தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902ல் அலுவல் காரணமாகத் திருவண்ணாமலை போனார். பேசாமல் இருந்த இளம் துறவியிடம் கேள்விகளைக் கேட்டார். பதில்கள் எழுத்தாகவே வந்தன. அவை 1923ல் அச்சேறின. தத்துவம் படித்த ஒரு பட்டதாரி அதிகாரி, வேலைக்கு நடுவே தன்னைப் பற்றிக் கேட்ட கேள்விகள் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தன.

நான்கு கண்ணாடிச் சன்னல்
அதே கேள்வியோடு மேலாளர் பயிற்சிகளில் அடிக்கடி வரும் படம் ‘ஜோஹாரி சன்னல்’. 1955ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. ஜோவும் ஹாரியும் சேர்ந்து ‘ஜோஹாரி’! எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, யாருக்குமே தெரியாதது என்று அதில் நான்கு பகுதிகள். மூன்றாவது பகுதியைத்தான் நம் பாட்டிமார் ‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

பதினாறு பெட்டிகள்
மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மயர்ஸ் இருவரும் உளவியலாளர் கார்ல் யுங் 1921ல் வெளியிட்ட நூலை அடிப்படையாக வைத்து இதை அமைத்தார்கள். அதே யுங் 1937-38ல் இந்தியா வந்தார். ஆனால் ரமணரைப் பார்க்கப் போகவில்லை. பிறகு 1944ல், ரமணரைப் பற்றி ஹைன்ரிக் சிம்மர் எழுதிய ஜெர்மன் நூலுக்கு அவரே முன்னுரை எழுதினார்.
இந்தச் சோதனைக்கும் ரமணர் வழிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சோதனை நம்மேல் ஒரு பெயரை ஒட்டுகிறது. ரமணர் வழியோ ஒட்டியிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக உரிக்கிறது. ‘நான் இந்த வகை ஆள், இப்படித்தான் இருப்பேன்’ என்று ஒரு மேலாளர் சாக்குச் சொல்லத் தொடங்கினால், அந்தச் சோதனையால் கெடுதல்தான். ஆள் எடுக்கும் வேலைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது.

காக்கிநாடா வியாபாரிகள்
1964ல் ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மெக்கிளெலண்ட், ஆந்திரத்துக் காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி நடந்தது ஹைதராபாத் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். அந்தக் கதைகளில் தங்கள் மனம் எதை நோக்கி ஓடுகிறது என்பதை வியாபாரிகளே மதிப்பிட்டார்கள். பிறகு இலக்கு வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பயிற்சி பெறாதவர்களைவிட அவர்கள் தொழிலைப் பெருக்குவதில் முனைப்பாக இருந்தது தெரியவந்தது.

சுற்றியிருப்போர் தரும் மதிப்பெண்
மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை செய்பவர் என எல்லாரிடமும் ஒருவரைப் பற்றிக் கருத்துக் கேட்பது ‘360 டிகிரி’ முறை. இந்தியாவில் இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பேராசிரியராக இருந்த டி.வி.ராவ். அவரும் உடன் பணியாற்றிய உதய் பரீக்கும் 1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு மனிதவள மேம்பாட்டு முறையை வகுத்துக்கொடுத்தார்கள்.
தன்னை எடைபோடுவதையும் பிறர் சொல் கேட்பதையும் திருக்குறள் எப்போதோ சொல்லிவிட்டது. ‘வலியறிதல்’ அதிகாரம், எடைபோட வேண்டிய வலிமைகளில் ஒன்றாகத் தன் வலிமையையும் வைக்கிறது. ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரமோ, இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசனைக் கெடுக்கத் தனியாக ஒரு பகைவன் வேண்டியதில்லை என்கிறது.

பாராட்டும் திட்டும் எப்போதும் பலிக்காது
கருத்துச் சொன்னால் ஆள் திருந்திவிடுவார் என்று நினைக்கிறோம். 1996ல் குளூகர், டினிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் பழைய ஆய்வுகளின் 607 முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கருத்துக் கேட்ட பிறகு வேலைத்திறன் குறைந்திருந்தது! பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். ‘நீ சோம்பேறி’ என்பதைவிட ‘செவ்வாய்க்கிழமை சரக்கு தாமதமாகப் போனது’ என்பது வேலைக்கு ஆகும்.

மாவட்டத்துக்கும் ஒரு கண்ணாடி
2018ல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது, தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் விருதுநகருக்குள் வருகின்றன. கல்வி, சுகாதாரம், விவசாயம் உட்பட 49 குறியீடுகளில் மாதந்தோறும் அளவெடுப்பு. நிலைமை இதுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே எங்கே கைவைப்பது என்று அதிகாரிகளுக்குத் தெரியும்.

ஈரம் பார்க்கும் சம்சாரி
வானம் பார்த்த பூமியில் மழை பெய்த சத்தத்தை நம்பி யாரும் விதைத்துவிடுவதில்லை. கரிசல் சம்சாரி காட்டுக்குப் போய் மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். மேலே நனைந்திருப்பது போதாது. சான்றிதழும் கைதட்டலும் அந்த மேல்நனைவு போலத்தான்.

இரண்டாவது நடை
வாக்கர், ஸ்மிதர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஐந்து ஆண்டுகள் மேலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 1999ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தமக்கு வந்த கருத்துகளைத் தம் ஊழியர்களோடு உட்கார்ந்து பேசியவர்கள், பேசாதவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். தாளில் வந்த மதிப்பெண்ணைவிட அந்தப் பேச்சுக்குப் பலம் அதிகம்.
இதற்கு ஐ.ஐ.எம். கட்டணம் வேண்டாம். தறிக்கூடம் நடத்துபவரும், தலைமையாசிரியரும், மகளிர் குழுத் தலைவியும் இன்றைக்கே செய்யலாம். உங்களுக்கு மேலே ஒருவர், பக்கத்தில் ஒருவர், கீழே ஒருவர் என மூன்று பேரிடம் போங்கள். ‘நான் எதை நிறுத்தினால் உங்கள் வேலை சுலபமாகும்?’ என்று கேளுங்கள். பதில் வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள்; எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே மூவரிடம் போய், ‘மாறியிருக்கிறதா?’ என்று கேளுங்கள். முதல் தடவை அவர்கள் மரியாதைக்குப் பதில் சொல்லியிருக்கலாம். இரண்டாவது தடவை உண்மையைச் சொல்வார்கள்.