குறி தவறாத கார்பைன்

அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் நெடுந்தூரம் குதிரையில் சென்றவர்கள், இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியும் சேணத்தில் ஒரு நீள்துப்பாக்கியுமாக வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் வெவ்வேறு தோட்டாக்களைச் சுமக்க நேர்ந்த சிரமம், 1873-ஆம் ஆண்டில் வின்செஸ்டர் கம்பெனியார் வெளியிட்ட நீள்துப்பாக்கியின் தோட்டாவையே கோல்ட் கம்பெனியாரும் சில ஆண்டுகளில் தங்கள் சுழல் துப்பாக்கிக்கு ஏற்றுக்கொண்டதும் நீங்கிற்று. கைத்துப்பாக்கியின் தோட்டாவையே இட்டுத் தோளில் அணைத்துச் சுடும், கார்பைன் என்னும் இவ்வகைத் துப்பாக்கி, இன்று அந்நாட்டின் போட்டிக் களங்களிலும் பயிற்சிக் களங்களிலும் பிரதான இடம் பெற்றிருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் பயன்படுவதோ, ஜெர்மனியில் கியார்க் லூகர் உருவாக்கிய 9 மில்லிமீட்டர் தோட்டா.

குறி பார்த்துச் சுடுவதற்காகக் கார்பைன் வாங்குவோர், குழல் நீண்டிருந்தால் துல்லியமும் மிகும் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் இத்தோட்டாவில் உள்ள சொற்ப மருந்து குழலின் முற்பகுதியிலேயே பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடுவதால், அதற்குமேல் வரும் நீளம் குண்டின் வேகத்தைச் சிறிதே கூட்டும். அமெரிக்காவில் வழக்கமாகக் காணும் 16 அங்குலக் குழலும், தனிப் பதிவின்றி வைத்துக்கொள்ளச் சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவேயன்றித் துல்லியத்தின் பொருட்டு வகுக்கப்பட்டதன்று. கார்பைனின் உண்மையான அனுகூலம், தோளும் கன்னமும் இரு கைகளும் சேர்ந்து அதற்கு அளிக்கும் ஸ்திரத்தன்மையே.

அந்த ஸ்திரத்தைக் கலைப்பது உள்ளேயுள்ள யந்திரம். விலை குறைந்த கார்பைன்களில், வெடிப்பின் வேகத்தைத் தாங்கிப் பின்னடையும் போல்ட்டுக்குப் பூட்டு ஏதும் இல்லை. அதன் எடையும் ஒரு வில்சுருளுமே அதைத் தாமதப்படுத்துகின்றன. ஆகையால் அது கனமாக இருந்தே தீரவேண்டும்; அக்கனம் பின்சென்று மோதி மீண்டும் முன்வரும்போது பார்வைக்குறி அசைகிறது. உருளைகளைக் கொண்டு போல்ட்டைத் தாமதிக்கச் செய்யும் அமைப்பு, விலை கூடியதாயினும், அந்த அசைவைப் பெரிதும் தணிக்கும். அடுத்தடுத்து விரைந்து சுடுவோர் இதைக் கவனித்தல் வேண்டும். நிதானமாக ஒவ்வொன்றாய்ச் சுடுவோருக்கோ, இழுப்பு மென்மையாகவும் ஒரே சீராகவும் உள்ள விசையே அதைவிட முக்கியம்.

தோட்டாவின் தேர்வும் அவ்வாறே. 115 கிரெயின் எடையுள்ள இலேசான குண்டு ஒலியின் வேகத்தைக் கடந்து புறப்பட்டு, வழியில் அவ்வேகத்திற்குக் கீழே இறங்குகையில் சற்றுத் தடுமாறக்கூடும். 147 கிரெயின் குண்டு தொடக்கம் முதலே பெரும்பாலும் அவ்வேகத்திற்கு உட்பட்டுச் செல்வதால் அத்தடுமாற்றத்திற்கு ஆளாவதில்லை, எனினும் தூரம் கூடக் கூட விரைவாகத் தாழும். இவற்றுள் எது தம் குழலுக்கு இசைகிறது என்பதை, தாங்கியில் கிடத்தி, ஐம்பது கஜத்தில் ஒவ்வொன்றையும் சில தொகுதிகளாகச் சுட்டுப் பார்த்தே அறிய முடியும்.

ஆகவே, பெயரையும் தோற்றத்தையும் பார்த்துப் பணம் செலவிடாமல், சீரான விசை, தெளிவான பார்வைக்கருவி, குழலுக்கு ஒத்த தோட்டா என்னும் மூன்றையும் முதலில் தேடுங்கள். எஞ்சிய பணத்தை, அனுமதி பெற்ற களத்தில் தேர்ந்த ஆசிரியரிடம் செய்யும் அப்பியாசத்திற்குச் செலவிடுங்கள்.