தூண்டில் தடிக்கு எந்த அளவு வளையம்?

மாலை நேரத்தில் பண்ணைப் பாலத்தில் தூண்டில் போடுவோரைக் காணலாம். போரில் வள்ளத்தையும் வலையையும் இழந்த ஒருவருக்கு அந்தத் தடிதான் அன்றைய கறி. ஒரு வளையம் உடைந்ததற்காக அதை வீசவேண்டியதில்லை.

அடிக்கடி உடைவது நுனி வளையம். கொதிநீரில் சற்று நேரம் பிடித்தால் பெரும்பாலும் பசை இளகும். நேராக இழுத்துக் கழற்றுங்கள். ஒட்டியிருக்கும் பசையைத் துடைத்துவிட்டு, தடியின் விட்டத்தை வேணியர் இடுக்கிமானியால் அளவுங்கள். இடுக்கிமானி இல்லாவிட்டால், பழைய வளையத்தின் குழாய்க்குள் தடையின்றிப் போகும் மிகப் பெரிய றில் ஊசியின் அளவைப் பாருங்கள். அதுவே குழாயின் உள்விட்டம்.

தடி 2.1 மி.மீ. என்றால் 2.2 குழாய் பொருந்தும், 2.0 புகாது. புகவைப்பதற்காகத் தடியை அரத்தால் தேய்ப்பவர்கள் உண்டு. நார் அறுந்து, பெரிய மீனொன்று இழுக்கும்போது நுனியும் சேர்ந்து போகும். நுனியே முறிந்திருந்தால் பழைய அளவு உதவாது. முறிந்த இடத்தில் தடி மொத்தம், அங்கேதான் அளக்கவேண்டும்.

நடு வளையங்களில் குழப்பம் வேறு. 10 என்று விற்பது பெரும்பாலும் உள்ளே பதித்த பீங்கான் வளையத்தின் வெளிவிட்டம், மில்லிமீற்றரில். தங்கூசி ஓடும் துளை அதைவிடச் சிறிது. வளையம் தொலைந்திருந்தால் மேலும் கீழும் உள்ளவற்றை அளந்து இடைப்பட்ட அளவை எடுங்கள். உயரமும் முக்கியம்: தாழ்ந்த வளையமென்றால் தங்கூசி தடியில் உரசும்.

கடைக்குப் போகுமுன் மற்ற வளையங்களுக்குள்ளும் பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் வெடிப்பு இருக்கும். தங்கூசியை அறுப்பது அதுதான்.