கோணலுக்கும் உண்டு டாலரன்ஸ்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு வட்டம் லேசாகக் கோணினால் என்ன ஆகும்? ரிஜெக்ட்! மெஷினில் இருந்து இறங்கிய உருப்படியை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பார்கள். டிராயிங்கில் போட்டிருக்கும் ப்ளஸ்-மைனஸுக்குள், அதாவது டாலரன்ஸுக்குள் நின்றால் பாஸ். தாண்டினால் ஸ்கிராப்.

பேட்டையைத் தாண்டினால் கதையே வேறு. செம்பரம்பாக்கம் ஏரியில் உபரிநீர் திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கைச் செய்தியில் தவறாமல் வரும் வரிசை நினைவிருக்கும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை... இந்தப் பக்கத்து ஏரி எதையாவது சாட்டிலைட் படத்தில் பாருங்கள். மனிதர்கள் மண் போட்டு உயர்த்திய கரை ஓரளவு சீராகப் போகும். எதிர்ப்பக்கம், தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் பரவும் பக்கம் இருக்கிறதே, அங்கே ஒரு நேர்கோடு கூடக் கிடைக்காது!

இப்போது வீடியோ கேமுக்கோ சினிமாவுக்கோ அப்படி ஓர் ஏரி வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பழக்கமானவை வட்டமும் முக்கோணமும்தான். அவற்றை வைத்துக்கொண்டு இந்தக் கோணலை எப்படி வரவழைக்கிறார்கள்? வாருங்கள், திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்போம்.

முதல் வித்தை, உடைக்கிற வித்தை. ஒரு முக்கோணம் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுப்புள்ளியைப் பிடித்து, உள்ளேயோ வெளியேயோ குத்துமதிப்பாகத் தள்ளுங்கள். 3 கோடுகள் 6 ஆகிவிட்டன. அந்த ஆறின் நடுப்புள்ளிகளையும் தள்ளுங்கள், ஆனால் முன்பு தள்ளியதில் பாதிக்கு மேல் கூடாது. அடுத்த சுற்றில் அதிலும் பாதி. பத்தே சுற்றில் 3,072 துண்டுகள்! முக்கோணம் இருந்த இடத்தில் வளைகுடாவும் முனையும் திட்டுமாக ஒரு தீவு!

சூட்சுமம் முழுவதும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. தள்ளும் அளவைக் குறைக்காமல் விட்டால் கோடு தாறுமாறாகக் குத்தி நிற்கும். ரொம்பக் குறைத்தால் மழுமழுவென்று பொம்மைத் தீவு ஆகிவிடும். ஆக, இங்கேயும் ஒரு ப்ளஸ்-மைனஸ் உண்டு. பேட்டையில் வட்டத்துக்கு டாலரன்ஸ், இங்கே கோணலுக்கு டாலரன்ஸ். தற்செயலைக் கட்டவிழ்த்து விடுவதால் இயற்கை வந்துவிடாது. அளந்து விட்டால்தான் வரும்.

இந்த வித்தையால் பேர் வாங்கியவர் லோரன் கார்ப்பென்டர். எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? போயிங் விமான நிறுவனத்தில்! விமானப் படங்களுக்குப் பின்னால் மலைகள் வேண்டும் என்று தேடியவருக்கு, எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் கோணல் தீராத 'ஃப்ராக்டல்' வடிவங்களைப் பற்றிக் கணிதவியலாளர் மாண்டல்பிராட் எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது. 1980-இல் சிக்ராஃப் என்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டில், மலைகளுக்கு நடுவே பறக்கும் 'வோல் லீப்ர' என்ற இரண்டு நிமிடப் படத்தைப் போட்டுக் காட்டினார். அரங்கமே ஆர்ப்பரித்தது, லூகாஸ்ஃபில்ம் சினிமா நிறுவனம் வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டது. 1982-இல் 'ஸ்டார் ட்ரெக் 2' படத்தில் ஒரு கிரகம் முழுக்க மலை முளைத்தது!

இரண்டாவது வித்தை வட்டத்துக்கு. மையத்தில் இருந்து ஓரம் வரை எல்லாத் திசையிலும் ஒரே தூரம் இருப்பதுதான் வட்டம். அந்தத் தூரத்தைத் திசைக்குத் திசை கொஞ்சம் மாற்றினால் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டினால் ஓரம் முழுக்க முள்தான் முளைக்கும். நமக்கு வேண்டியது வீட்டுத் தோசையின் ஓரம்: இங்கே சற்று இழுத்து, அங்கே சற்று உள்வாங்கி, ஆனால் எங்கேயும் வெடுக்கென்று திரும்பாத ஓரம்.

அதற்கு வழி சொன்னவர் கென் பெர்லின். 'ட்ரான்' (1982) படத்தில் வேலை செய்தவருக்கு, கம்ப்யூட்டர் படங்களின் இயந்திரத்தனம் பொறுக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று அனுசரித்து ஏறி இறங்கும் ஒரு 'நாய்ஸ்' கணக்கை உருவாக்கி, 1985-இல் வெளியிட்டார். 1997-இல் ஆஸ்கர் அகாதெமியே தொழில்நுட்ப விருது கொடுத்தது! பெரிய அலை ஒன்று, அதன்மேல் பாதி உயரத்தில் இரண்டு மடங்கு நெருக்கமான அலை, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கினால் பாறை, மேகம், ஏரி எல்லாம் ரெடி.

ஒரு சின்னச் சிக்கல்: சுற்றி முடிக்கும் இடத்தில் தொடக்கமும் முடிவும் பொருந்தாமல் ஒட்டுப்போட்டது தெரியும். தீர்வு அழகு! நாய்ஸை ஒரு கோட்டின் வழியே படிக்காமல், அதன் பரப்பில் ஒரு வட்டம் போட்டு அதன் வழியே படிக்கிறார்கள். வட்டம் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். ஓரமும் தானே மூடிக்கொள்ளும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைத்தீர்களானால், அப்படியே தாம்பரம் வரை வாருங்கள். சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-இலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதிவிட்டார்கள். சிறு துண்டு ஒன்று, அதை எதைக் கொண்டு மாற்றுவது என்று விதி ஒன்று. மாற்ற மாற்ற வாசலை நிறைக்கும் கோலம்! கார்ப்பென்டரின் கோட்டிலும் ஒரு துண்டுக்குப் பதில் இரண்டு துண்டு என்ற மாற்றுவிதிதானே இருக்கிறது? வித்தியாசம் ஒன்றுதான்: கோலத்தில் பகடைக்கு இடமில்லை. புருசின்கீவிச்சும் லிண்டன்மேயரும் செடிகளைக் கம்ப்யூட்டரில் வளர்க்கச் சொல்லிக்கொடுத்த 1990-ஆம் ஆண்டுப் புத்தகத்திலும் நம் கோலத்துக்கு இடம் உண்டு. அதே வகை விதிக்குள் பகடையை நுழைத்தால் செடிக்குச் செடி வேறு மாதிரி கிளைக்கும்.

கம்ப்யூட்டர் இல்லாமலே அந்த முதல் வித்தையைச் செய்து பார்க்கலாம். 16 செ.மீ. கோடு, ஒரு நாணயம் போதும். பூ விழுந்தால் நடுப்புள்ளியை 4 செ.மீ. மேலே தள்ளுங்கள், தலை விழுந்தால் கீழே. அடுத்த சுற்றில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகச் சுண்டி 2 செ.மீ., பிறகு 1, பிறகு அரை. மொத்தம் 15 தடவை சுண்டினால் 16 துண்டுகளில் ஒரு கரை உங்கள் தாளில்! பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் உட்கார வையுங்கள். இருவருக்கும் ஒரே கரை அமைய 32,768-இல் ஒரு வாய்ப்புதான்.