விழுந்தது மடிக்கணினி, உடைந்தது எது?

மாணவர்களே, மேசை விளிம்பில் இருந்த மடிக்கணினி கைபட்டுத் தரையில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எடுத்துத் திறந்தால் திரை இருண்டு கிடக்கிறது. "கணினியே போச்சு!" என்று வீட்டில் எல்லாரும் பதறுகிறார்கள். லாபு போன்ற தோட்டப்புறத்தில், அண்ணனும் தங்கையும் ஒரே மடிக்கணினியில் மாறி மாறிப் படிக்கும் வீட்டில், இன்னொன்று வாங்குவது எளிதல்ல.

பதற வேண்டாம். திரை இருண்டால் கணினி செத்துவிட்டது என்று பொருளில்லை. உங்கள் பாடக் குறிப்புகள் திரையில் இல்லை; விசைப்பலகைக்குக் கீழே உள்ள சேமிப்பகத்தில் இருக்கின்றன. எது உடைந்தது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. அதற்குத் திரையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரைக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலான மடிக்கணினிகளில் இருப்பது திரவப் படிகத் திரை. திரவப் படிகம் தானாக ஒளி தருவதில்லை. பின்னால் உள்ள எல்இடி விளக்குகள்தாம் ஒளி தருகின்றன. இதைப் பின்னொளி என்பார்கள். அதன்முன் இரண்டு மெல்லிய கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அவற்றின் நடுவே சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் திரவப் படிகம் நிரம்பியிருக்கும். அந்த இடைவெளி தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

பழைய வீடுகளில் கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சன்னலைப் பார்த்திருப்பீர்கள். திரவப் படிக மூலக்கூறுகளும் அதுபோலத்தான். மின்னழுத்தம் மாறும்போது அவை திரும்பி, ஒளியை விடும் அல்லது தடுக்கும். 1920 × 1080 புள்ளிகள் உள்ள திரையில் இப்படி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இயங்குகின்றன.

இந்த விந்தைப் பொருளை 1888இல் கவனித்தவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர். கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலைக் கொண்டு அவர் செய்த சேர்மம் 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலானது; 178.5 பாகையில்தான் தெளிந்தது. பின்னர் 1977இல் பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினர். அத்தகைய மூலக்கூறுகளால் ஆன மென்படலம், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரிய உதவியது.

நான்கு சோதனைகள்

முதலில் ஓர் எச்சரிக்கை. கணினியின் அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, சுட்டாலோ, விநோத வாடை வந்தாலோ மின்னேற்றம் செய்யாதீர்கள், மின்கலம் அடிபட்டிருக்கலாம். பழைய கணினியின் வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இவை இல்லையென்றால் சோதனையைத் தொடங்கலாம்.

ஒன்று: கணினியை இயக்கி, விசிறி ஓசை கேட்கிறதா, விசைப்பலகை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணையுங்கள். அதில் படம் வந்தால் தாய்ப்பலகை நலமாக இருக்கிறது; பழுது திரைப்பக்கம்தான். கோப்புகளை உடனே விரலியில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: அறையை இருட்டாக்கி, திரைமேல் டார்ச் விளக்கைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் உருவாகிறது, பின்னொளிதான் எரியவில்லை என்று அறியலாம்.

மூன்று: மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகச் செல்லும் கம்பி கழன்றிருக்கலாம் அல்லது நைந்திருக்கலாம். இது பெரும்பாலும் குறைந்த செலவில் தீரும் பழுது.

நான்கு: திரையை உற்றுப் பாருங்கள். மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு, சிலந்தி வலைபோல் விரிசல், அசைத்தாலும் மாறாத வண்ணக் கோடுகள் இருந்தால் கண்ணாடியோ அதன் நுண்கம்பிகளோ உடைந்துவிட்டன. அதை ஒட்ட முடியாது. திரையைத்தான் மாற்ற வேண்டும். கணினியை அல்ல.

மாற்றும்போது

லாபு நிலையத்தில் கொமூட்டர் ஏறினால் ஒரு பக்கம் நீலாய், மறுபக்கம் சிரம்பான். எந்தக் கடைக்குப் போனாலும் சோதனை முடிவுகளைச் சொல்லுங்கள், "திரை மட்டும் மாற்ற எவ்வளவு?" என்று கேளுங்கள். புதிய திரை அளவிலும் புள்ளி எண்ணிக்கையிலும் இணைப்பியின் ஊசி எண்ணிக்கையிலும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பழைய திரையின் பின்புற ஒட்டுத்தாளில் உள்ள மாதிரி எண் இதற்கு உதவும்.

அனுபவமுள்ள பெரியவர் துணையுடன் வீட்டில் மாற்றுவதானால், கணினியை அணைத்து, மின்னேற்றியைப் பிடுங்கி, மின்கல இணைப்பைக் கழற்றிய பிறகே திரைக் கம்பியைத் தொட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அதைச் செருகினால் தாய்ப்பலகையில் உள்ள உருகி போய்விடக்கூடும். அப்போது சிறிய பழுது பெரிய செலவாகிவிடும்.

"கணினி போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு கம்பியும் ஒரு டார்ச் விளக்கும் போதும். போனது எது, பிழைத்தது எது என்று நீங்களே சொல்லலாம்.