பெயர்வும் நிலைபேறும்: மலையகத் தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வாழ்வுச் சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

தென்தமிழகத்தின் வறண்ட பகுதிகளிலிருந்து 19, 20ஆம் நூற்றாண்டுகளில் இலங்கை மலையகத்திற்குப் புலம்பெயர்ந்த உழைக்கும் குடும்பங்கள், அங்கு அன்றாட வாழ்வை அமைத்துக்கொண்ட முறையை அவர்தம் வழக்குச்சொற்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. குடும்பங்கள் வேரூன்றியமைக்கு அச்சொற்களே சான்றாக நிற்க, குடியுரிமைச் சட்டம் வேறு சான்று கேட்டது என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மலையகம், லயம், பேர், பிள்ளைக் காம்பரா, ரோதைமுனி, குடியுரிமை.

முன்னுரை

மலையகத் தமிழரின் மூதாதையர் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றவராவர். இவருள் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை வேராகக் கொண்ட குடும்பங்களைத் தேடுவோர் ஆட்சி எல்லை மாற்றங்களைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தது. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் அடங்குகிறது. ஆதலின் ஓரூரினின்று வெவ்வேறு காலத்தில் பெயர்ந்த இரு குடும்பங்களுள் ஒன்று தன் பூர்வீகத்தைத் திருநெல்வேலி என்றும், மற்றொன்று இராமநாதபுரம் என்றும் சொல்ல இடமுண்டு. மாவட்டப் பெயரை மட்டும் நம்பி ஊரைத் தேடுவது பிழைபட நேரும்.

பருவ உழைப்பும் குடும்பக் குடியேற்றமும்

தொடக்கக் காலப் பெயர்வு காப்பிப் பயிரைச் சார்ந்திருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பெரும்பாலும் ஆண்கள் சென்று, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் பரவியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கியிருந்தார். காப்பி அழிந்த நிலங்களில் தேயிலை பரவிற்று. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும் பயிர். அப்பணி பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எனவே தனியாளைவிடக் குடும்பமே தோட்டத்திற்குத் தேவைப்பட்டது. கங்காணிகள் தம் உறவினரையும் ஊராரையும் குடும்பம் குடும்பமாகத் திரட்டிச் சென்றனர். 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் இப்பெயர்வுக்கு உந்துதலாயிற்று. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்துத் தொடங்கியபின் மண்டபம் முகாம் இவர்களின் வாயிலாயிற்று.

வீட்டுச் சொற்கள்

தோட்டத்தில் குடும்பத்திற்குக் கிடைத்தது வரிசைக் குடியிருப்பின் ஓர் அறை. ஆங்கிலச் சொல்லான ‘லைன்’ என்பது ‘லயன்’, ‘லயம்’ எனத் திரிந்தது. அறைக்குப் போர்த்துக்கீசிய மூலமுடைய ‘காம்பரா’ என்னும் சொல்லும், முன்திண்ணைக்கு டச்சு மூலமுடைய ‘இஸ்தோப்பு’ என்னும் சொல்லும் வழங்கின. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பராவிலேயே சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நிகழ்ந்தன. ‘வீடு’ என்னும் சொல் இருக்கவும் குடியிருப்பின் உறுப்புகளுக்குப் பிறமொழிச் சொற்களே நிலைத்தன. அக்கட்டடம் குடும்பம் கட்டியதன்று. வேலை உள்ளவரை தங்க நிருவாகம் அளித்தது. அவ்வுறவைச் சொல்லும் உணர்த்துகிறது.

பேரும் பெரட்டும்

நாள் பெரட்டுக்களத்தில் தொடங்கிற்று. ‘பெரட்டு’ என்பது ‘பரேடு’ என்பதன் திரிபு. வேலைக்கு வந்தோரைக் கூட்டிக் கணக்கெடுக்கும் நிகழ்வை அது குறிக்கும். ஒருநாள் வேலையின் முழுக்கூலி ‘பேர்’ எனவும், பாதிக்கூலி ‘அரைப்பேர்’ எனவும் வழங்கிற்று. பதிவேட்டில் பெயர் எழுதப்படுவதே கூலிக்கு உரிமை தந்தமையால் பெயரைக் குறித்த சொல்லே கூலியையும் குறிக்கலாயிற்று. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழும். ஒருவரின் பெயர் அன்றைய உழைப்பால் அளக்கப்பட்ட நிலையை இவ்வழக்கு காட்டுகிறது.

கைக்குழந்தைகளைத் தாயர் விட்டுச் செல்லும் இடம் ‘பிள்ளைக் காம்பரா’ எனப்பட்டது. உறவுப் பெண்டிர் வீட்டிலிருந்து பிள்ளை பார்க்கும் ஊர்வழக்கம், வீட்டுப் பெண்கள் அனைவரும் மலையேறும் தோட்டத்தில் இயலாமற் போயிற்று. பெண்ணோ பெரட்டுக்கு முன் சமைத்து, நாள் முழுதும் கொழுந்து பறித்து, திரும்பி வந்து மீண்டும் அடுப்பு மூட்டினாள். அவளது கூலியைத் தந்தையோ கணவனோ சென்று வாங்குவதும் வழக்கமாக இருந்தது. ஆண், பெண் கூலி வேறுபாடு 1984இல்தான் நீங்கிற்று.

தெய்வங்களின் இடப்பெயர்வு

தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தது. காமன் கூத்து ஆண்டுதோறும் ஆடப்பட்டது. இவை ஊரினின்று கொண்டுசென்றவை. ஆயின் ‘ரோதைமுனி’ புதிய மண்ணில் உருவான தெய்வம். ரோதை என்பது சக்கரம். தேயிலை ஆலையின் இயந்திரத்தைக் காக்கும் முனியாக அது வணங்கப்பட்டது. ஊர் எல்லையைக் காத்த முனி ஆலைச் சக்கரத்தைக் காக்கத் தொடங்கியபோது, மக்கள் தம் அச்சத்தையும் நம்பிக்கையையும் அம்மண்ணிலேயே நிலைநிறுத்திவிட்டனர் எனலாம்.

சட்டம் கேட்ட சான்று

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவருமோ அந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது தங்கியிருந்தமையை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. மூன்று தலைமுறையாகப் பேர் விழுந்த குடும்பங்களில் பலவற்றிடம் பிறப்புப் பதிவு இல்லை. ஊர் உறவைப் பேண அவ்வப்போது தாயகம் சென்று வந்தமையும் ஐயத்திற்கு இடமாயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பகுத்தது. தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1964 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து, நாடற்றவராக எஞ்சியோருக்கும் அவர்தம் வழியினருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று.

முடிவுரை

புலம்பெயர்ந்த குடும்பம் அன்றாட வாழ்வில் நிலைகொள்வதும் சட்டத்தில் நிலைபெறுவதும் வெவ்வேறு காலத்தில் நிகழ்கின்றன. மலையகத்தில் இவ்விரண்டிற்கும் இடையே பல தலைமுறைகள் கழிந்தன. லயத்தில் தனி முகவரியின்றித் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே மடல் பெறும் நிலை இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தமை, அவ்விடைவெளி முற்றும் நீங்காமையைக் காட்டுகிறது. பதிவேடுகள் விட்ட இடத்தில் வழக்குச்சொற்கள் வாழ்வைப் பதிந்து வைத்துள்ளன. பூர்வீக வட்டாரங்களில் எஞ்சியுள்ள மடல்களையும் உறவுக் கதைகளையும் இச்சொற்களோடு ஒப்பிட்டுத் தொகுப்பது வட்டார ஆய்வாளர்முன் உள்ள பணியாகும்.