கடல் கடந்த சொற்கள் – 7: கட்டுமரம்

சென்ற வாரம் நம் சுருட்டு ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆன கதையைப் பார்த்தோம். இவ்வாரம் எடுத்துக்கொள்வது, அதனினும் அதிகமாக உருமாறிப்போன ‘கேட்டமரன்’. அது நம் கட்டுமரமே என்பதை ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்வதால் அதில் வாதத்துக்கு இடமில்லை. எந்தக் கரையிலிருந்து கப்பலேறியது என்பதுதான் திருகோணமலைக்காரருக்குச் சுவாரஸ்யமான விஷயம்.

நம் துறைமுகத்திலிருந்து அது போகவில்லை. பெருங்கப்பலும் கரையருகே வந்து நிற்கத்தக்க ஆழமும் குன்றுகளின் மறைவும் உள்ள நம் உட்துறைமுகத்தில், வெள்ளைக்காரனுக்குக் கட்டுமரத்தின் தயவு வேண்டியிருக்கவில்லை. சென்னையிலோ அக்காலத்தில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலை மடியும் எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகும் இறங்க அஞ்சும் வேளையில், இரண்டு மூன்று மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவையின்மேல் முழங்காலிட்டு, அலை புரட்டினால் நீந்தி மறுபடியும் ஏறி, கடிதங்கள் நனையாதபடி தலைக்குல்லாய்க்குள் செருகிக்கொண்டு கப்பலை அடைந்தவர்கள் கட்டுமரக்காரர்களே. 1697இல் வெளியான தமது பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையின் இம்மிதவையைப் பெயர் சொல்லியே வர்ணித்திருக்கிறார். வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் அக்கரையில் நிற்க முடியாத கப்பல்களுக்குப் புகலிடம் வேண்டியிருந்ததே, 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பறிக்கும் முன்பே ஆங்கிலேயர் திருகோணமலைமேல் கண்வைத்திருந்ததற்குப் பிரதான காரணம்.

சீமைக்குப் போன சொல்லின் கதி விசித்திரமானது. 1804 அக்டோபரில், ராபர்ட் புல்டன் என்ற அமெரிக்கர் வகுத்துக்கொடுத்தபடி, வெடிமருந்தும் கடிகாரப் பொறியும் அடக்கிய பெட்டிகளைப் புலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளை நோக்கி ஆங்கிலேயர் மிதக்கவிட்டனர், அவற்றுக்கும் இப்பெயரே. விளைந்த சேதம் சொற்பம். (நம்மூர் மயானத்தில் அடங்கியிருக்கும் கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, அவ்விருவருக்கும் தமையனான பிரான்சிஸ் அவ்வாண்டு புலோன் முற்றுகையில் ஒரு கப்பலுக்குத் தலைவர் என்பது உபரிச் செய்தி.) பிறகு சண்டைக்கார ஸ்திரீகளையும் ‘கேட்டமரன்’ என்று ஏசலானார்கள். பூனையைக் குறிக்கும் ‘கேட்’ முன்னால் நிற்பது காரணமாயிருக்கலாம். எப்படியாயினும், மரத்தோடு மரம் இணங்கிக் கிடப்பதற்கு இட்ட பெயர் கலகத்துக்கு ஆகிவந்தது வேடிக்கைதான்.

1876இல் நத்தானியல் ஹெரஷாப், ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடல் பாய்ப்படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி வென்றார். தோற்றவர்கள் ஆட்சேபிக்க, அவ்வகைப் படகே விலக்கப்பட்டது. இரண்டு தோணிகளைப் பாலமிட்டு இணைக்கும் அம்முறை பசிபிக் தீவினருடையது. நம் கட்டுமரத்திலோ குடைந்த உடலே கிடையாது. மரங்களின் இடுக்கில் தண்ணீர் தாராளமாய் ஏறி இறங்கும், கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து ஒவ்வொன்றையும் வெயிலில் உலர்த்தவேண்டும். ஆயினும் பெயர் இரட்டைப் படகுக்கே நிலைத்துவிட்டது. நம் கீழ்க்கரையில் மிதவைக்குத் தெப்பம் என்ற பெயரும் வழங்குவதால், யாரும் வழக்குத் தொடுக்கவில்லை போலும்.

மரங்களைப் பிணைத்த அந்தக் கயிறும் மலையாளக் கரை வழியே ஆங்கிலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.