‘யாவரும் அறிந்ததே!’

பத்திரிகைகளில் எழுதுவோரும் மேடைகளில் பேசுவோரும் அடிக்கடி கையாளும் சொற்றொடர்கள் சில உண்டு. ‘யாவரும் அறிந்ததே’ என்பது ஒன்று, ‘சொல்லவும் வேண்டுமோ?’ என்பது மற்றொன்று. ‘இதை மறுப்பார் யார்?’ என்பது மூன்றாவது. பார்வைக்கு இவை சாதுவானவை. ஆனால் இவை தலைகாட்டும் இடங்களிலேதான், எழுதியவர் விளக்கவேண்டியதை விளக்காமலும் நிரூபிக்கவேண்டியதை நிரூபிக்காமலும் தாண்டிப் போயிருப்பதை நேயர்கள் பெரும்பாலும் காணலாம். இக்குற்றத்தினின்றும் நாம் நீங்கியவரல்லோம். ஆதலின் இன்று எழுதுவது பிறருக்கு உபதேசமன்று. நம்மை நாமே செய்துகொள்ளும் விசாரணையேயாகும்.

1854-ம் வருஷம் அக்டோபர் மாதம் 25-ந் தேதி, கிரீமியா யுத்தத்தில், பாலக்லாவா என்னுமிடத்தில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் சேனாதிபதி ராக்லன் பிரபு உயர்ந்த குன்றின்மீது நின்று போர்க்களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ருஷ்யர்கள் மேட்டு நிலத்தில் கைப்பற்றியிருந்த பீரங்கிகளை அப்புறப்படுத்த முயல்வதாக அவருக்குத் தெரியவந்தது. குதிரைப்படை விரைந்து முன்சென்று, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாதபடி தடுக்கவேண்டும் என்று உத்தரவு எழுதுவித்து அனுப்பினார். எந்தப் பீரங்கிகள் என்பது உத்தரவில் இல்லை. குன்றின்மேல் நின்றவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அவைதாம் கண்ணெதிரே தெரிந்தனவே!

கீழே நின்ற லூகன் பிரபுவுக்கோ அவை தெரியவில்லை. உத்தரவைக் கொண்டுவந்த காப்டன் நோலனை அவர் வினவ, நோலன் கையை வீசிக் காட்டிய திக்கில், பள்ளத்தாக்கின் கோடியில், ருஷ்யரின் வேறொரு பீரங்கி வரிசை நின்றது. சுமார் 670 குதிரைவீரர்கள், எதிரிலும் இருமருங்கிலும் குண்டுமாரி பொழிய, ஒரு மைலுக்கு மேற்பட்ட தூரம் அதை நோக்கிப் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பலர் காயமுற்றனர். உத்தரவின் பொருளைத் தெளிவாக்கியிருக்கக்கூடிய நோலன் தொடக்கத்திலேயே வீழ்ந்தார். யாருடைய குற்றம் என்ற வாதம் பல்லாண்டுகள் நடந்தது. வீரர்களின் துணிவை ஆஸ்தான கவி டென்னிஸன் பாடினார். உத்தரவில் இன்னும் இரண்டு சொற்கள் இருந்திருந்தால் அந்தப் பாட்டுக்கே அவசியம் நேர்ந்திராது.

எழுதுகிறவன் எப்பொழுதும் குன்றின்மேல் நிற்கிறான். வாசிக்கிறவன் பள்ளத்தாக்கில் நிற்கிறான். தான் காண்பதை அவனும் காண்கிறான் என்று எண்ணுவது ஆணவத்தால் மட்டும் வருவதன்று. மனத்தின் இயல்பே அவ்வாறு அமைந்திருக்கிறது. 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் எலிசபெத் நியூட்டன் என்பார் இதைப் பரீக்ஷித்துக் காட்டினார். எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய பாட்டுக்களின் தாளத்தை ஒருவர் மேஜைமேல் விரலால் தட்டவேண்டும். மற்றவர் பாட்டு இன்னதென்று சொல்லவேண்டும். பாதிக்குப் பாதியாவது கண்டுபிடித்துவிடுவர் எனத் தட்டியவர்கள் எதிர்பார்த்தனர். தட்டப்பட்ட 120 பாட்டுக்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே! தட்டியவர் மனத்திலே ராகமும் சாகித்தியமும் ஒலித்துக்கொண்டிருந்தன. கேட்டவர் காதில் விழுந்தது மேஜையின் ‘டக், டக்’ ஒலி மாத்திரமே.

நமது வக்கீல் தொழிலிலே நாம் தட்டிய தாளம் ஒன்று உண்டு. பல வருஷங்களுக்கு முன், ஒரு விவசாயியின் நிலவழக்கில் இடைக்காலத் தடையுத்தரவு பெற்று, ‘ஸ்டே கிடைத்துவிட்டது’ என்று அவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வழக்கே ஜெயித்துவிட்டதென்று எண்ணி, ஊரில் சர்க்கரை வழங்கிவிட்டுத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணைக்கு முன் கொணரவேண்டிய பத்திரங்களைக் கொணரவில்லை. தடை ரத்தாயிற்று. அவர் நம்மைக் குறைகூறவில்லை. ‘ஜெயித்த வழக்கு எப்படி ஐயா தோற்றது?’ என்று மட்டும் கேட்டார். ‘இது தற்காலிகமானது’ என்ற மூன்று நிமிஷ விளக்கத்தை நாம் மிச்சம்பிடித்தோம். அதன் விலையை அவர் கொடுத்தார்.

அறிவைப்பற்றிய மயக்கம் இது; அபிப்பிராயத்தைப்பற்றிய மயக்கம் இதனினும் கொடியது. 1977-ல் லீ ராஸ் என்பாரும் அவரோடு சேர்ந்தோரும், விளம்பரப் பலகையைச் சுமந்துகொண்டு சர்வகலாசாலையைச் சுற்றிவர இசைகிறீர்களா என்று மாணவர்களைக் கேட்டனர். இசைந்தோர், மற்ற மாணவரிலும் நூற்றுக்கு 62 பேர் இசைவர் என்றனர். மறுத்தோரோ, நூற்றுக்கு 67 பேர் மறுப்பர் என்றனர். இரு சாராரும் தத்தம் கட்சியே பெரும்பான்மையென நம்பினர். தேர்தல் காலங்களில் ஊழியர்கள் தங்கள் கூட்டத்தின் கரகோஷத்தைக் கேட்டு, ஊர் முழுவதும் தம் பக்கமே என்று கணக்கிட்டு ஏமாறுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இந்த விஷயத்தில் நியாயஸ்தலத்தின் முறை பின்பற்றத்தக்கது. நீதிமன்றம் தானே கவனத்தில் கொள்ளும் சங்கதிகள் சில உண்டு. அவற்றிற்குச் சாட்சியம் வேண்டுவதில்லை. 1872-ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டம் அவற்றை ஒரு வரம்புக்குள் வைத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்துள்ள புதிய சட்டமும் அவ்வாறே செய்கிறது. எஞ்சியவற்றைச் சாதிப்பவர் நிரூபிக்கவேண்டும். ‘கனம் நீதிபதி அவர்களும் என் கட்சியே’ என்று வாதத்தைத் தொடங்கும் வக்கீலின் கதி என்னாகும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. (இதோ, நாமே அப்பிழையைச் செய்துவிட்டோம்! அவர் வழக்கை இழப்பார் என்பதே பொருள்.)

எல்லாவற்றையும் விளக்கப் புகுந்தால் கற்றோர் சலிப்பார்களே என்பர் சிலர். அறிந்ததை ஒரு வரியில் மீண்டும் காண்பவருக்கு நஷ்டம் ஒரு கணம். அறியாதவருக்கு அவ்வரி இல்லாவிடின் நஷ்டம் கட்டுரை முழுவதும். அதற்காக வாசகரைக் குழந்தையெனக் கருதி மழலை பேசவும் வேண்டாம். விஷயம் அறியாதவர் அறிவில்லாதவர் அல்லர். விஷயத்தை முன்வைத்தால் நம்மைவிட நன்றாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் அவருள் பலர்.

தேசத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் இதை ஊன்றிச் சிந்திக்கவேண்டும். நம்மோடு முன்னமே ஒத்த கருத்துடையோர் நாம் எப்படி எழுதினாலும் தலையசைப்பர். அவர்களுக்காக ஒரு துளி மையும் செலவிட வேண்டியதில்லை. நாம் தேடவேண்டியவர் இன்னும் இசையாதவரே. லூகன் பிரபுவாவது, ‘எந்தப் பீரங்கிகள்?’ என்று கேட்டார். நம் வாசகர் கேட்பதில்லை. பத்திரிகையை மெதுவாக மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.